குடிக்காதவரின் ஈரல்

இன்று காலை பேரனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போன மகள், திரும்பி வந்து மேசைமேல் ஒரு பாட்டிலை வைத்தாள். "மூணு நாளா வெளிக்குப் போகலைன்னு டாக்டர் கொடுத்தாரும்மா. ஒரு கரண்டி ஊத்துங்க," என்று சொல்லிவிட்டு ஃபேக்டரிக்கு ஓடினாள். மூடியைத் திறந்து கரண்டியில் சாய்த்தபோது என் கை நின்றுவிட்டது. அதே பாகு, அதே இழுவை. நாக்கில் தொட்டுப் பார்த்தேன், அதே அசட்டுத் தித்திப்பு. கீழே வைத்த கரண்டி மேசையோடு ஒட்டிக்கொண்டது. பாயான் பாருவில், மகள் வீட்டு நான்காம் மாடிக்கும் எறும்பு ஏறிவரும் என்பதை இன்றுதான் கண்டேன். பேரன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், நான் அழுதுகொண்டு நிற்கிறேன்.

என்னங்க. உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இருந்தபோதே வராதது இப்போது எங்கே வரப்போகிறது? பிள்ளை தூங்கிவிட்டான். பதினோரு வருடமாக உங்களுக்கு எழுத நினைத்து, எழுத என்ன இருக்கிறது என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டு வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நீங்கள் குடிக்காதவர். முதல் வரியிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். கடற்கரைத் தெருவில் கப்பல் கம்பெனித் தலைமைக் குமாஸ்தா. சீனப் புத்தாண்டு விருந்தில் முதலாளி எல்லாருக்கும் பிராந்தி ஊற்றுவார். நீங்கள் ஆரஞ்சுத் தண்ணீர்க் கிளாசைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாக "யாம் செங்" என்று சீன வாழ்த்தைக் கத்துவீர்கள். உங்களுக்கு இருந்த ஒரே போதை இனிப்பு. டின் பால் ஊற்றிய தே நாளைக்கு ஆறு கிளாஸ், வெயில் ஏறினால் கருப்பட்டி ஊற்றிய ஐஸ் செண்டோல். வயிறு முதலில் வீட்டுக்குள் வரும், நீங்கள் பின்னால் வருவீர்கள் என்று கேலி செய்வேன். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வியாதி வந்தது. அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டு, அந்த மாத்திரை கொடுத்த தைரியத்தில் இன்னொரு செண்டோல் குடித்தீர்கள்.

பெண் பார்க்க வந்த அன்று நான் உங்களிடம் கேட்டது ஒரே கேள்வி. "குடிப்பீங்களா?" "தே குடிப்பேன்," என்றீர்கள். என் அப்பா எஸ்டேட் கள்ளுக்கடையில் பாதி ஆயுளையும், அதன் விளைவாக எங்கள் வீட்டுப் பாயில் மீதி ஆயுளையும் கழித்தவர். குடித்தவரின் நடை, குழறல், வாசனை, எங்கே பாட்டிலை ஒளிப்பார்கள் என்பது வரை எல்லாம் எனக்கு அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகுமுன்பே நான் பாஸ் பண்ணிய பரீட்சை அதுதான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் உங்களுக்கு எமனாக வந்தது.

உங்கள் ஐம்பத்திரண்டாம் வயதில் அது தொடங்கியது. மகள் அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தாள். சுங்கை பினாங்கில், எட்டாம் மாடி வீட்டில் நாம் இருவர்தான். இரவெல்லாம் விழித்திருப்பீர்கள், பகலில் தூங்கி வழிவீர்கள். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்படுவீர்கள். பேச்சு இழுத்தது. அச்சுப் போன்ற உங்கள் கையெழுத்து கோழி கிளறியதுபோல் ஆனது. கடைசியில், தொலைபேசியைக் காதில் வைத்தபடியே தூங்கிவிட்டீர்கள் என்று ஆபீசில் மெடிக்கல் லீவு எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டிவந்த பையன் என் முகத்தைப் பார்க்காமல் போனான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அருகில் வந்து முகர்ந்தேன். உங்கள் வாயில் ஒரு வாசனை. கள்ளும் இல்லை, சம்சுச் சாராயமும் இல்லை, அழுகத் தொடங்கிய பழம் மாதிரி ஒரு தித்திப்பு நாற்றம்.

"என்ன குடிச்சீங்க?"

"குடிக்கலலா, டீச்சரம்மா."

"அப்போ வாயில என்ன வாசனை?"

"எனக்கே தெரியலை. எனக்கு என்னமோ ஆகுது."

எனக்கு என்னமோ ஆகுது என்று நீங்கள் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. என் அப்பாவும் அதைத்தான் சொல்வார்.

வீட்டைச் சல்லடை போட்டேன். அரிசி டின்னுக்குள், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள், சாமி படத்துக்குப் பின்னால். ஒன்றும் கிடைக்கவில்லை. வேறு எவளாவது அதோடு நிம்மதி அடைந்திருப்பாள். எனக்கோ ஒன்றும் கிடைக்காததே பெரிய சாட்சியாகிவிட்டது. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறவர் எவ்வளவு நாளாகக் குடிக்கிறாரோ என்று எண்ணி எண்ணி நெஞ்சு எரிந்தது. நீங்கள் இல்லை என்றாலும் குற்றம், பேசாமல் இருந்தாலும் குற்றம். நான் கட்டிய அந்த அறைக்கு வாசலே வைக்கவில்லை.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. அண்ணன் கோயில் கமிட்டியில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கோயிலில் தேவாரம் பாடுபவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தட்டும் கற்பூரமுமாக வீட்டுக்கு வந்தார்.

"மாப்ளே, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். தட்டை ஒரு கையில ஏந்தி, மறு கையால சூடத்தை அணைச்சு, குடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதோட விட்டுடலாம்."

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய கோர்ட்டு கிடையாது. நீங்கள் தயங்கவே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தீர்கள், ஒருவழியாக இது முடியட்டும் என்பதுபோல. தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டினீர்கள். மணிக்கட்டுக்கு மேலே கை நிற்கவில்லை. சட்டென்று தொங்கியது, மறுபடி தூக்கினீர்கள், மறுபடியும் தொங்கியது. அண்ணன் நீட்டிய தட்டு, நீங்கள் பிடிக்குமுன்பே கைபட்டுக் கீழே விழுந்து உருண்டது. கற்பூரம் சிமெண்டுத் தரையில் கிடந்து எரிந்தது.

"சாமியே தட்டி விட்டுட்டாரு," என்றார் அண்ணன்.

நீங்கள் உங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேவாரத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை முதல் வாசல் கிரில்லுக்குப் பூட்டுப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது வெளியே பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். குடிக்க வெளியே போகத்தானே வேண்டும் என்பது என் கணக்கு. அன்று கிரில்லுக்கு உள்ளே நின்று இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"பூட்டணும்னா பூட்டு, டீச்சரம்மா. ஆனா நான் குடிக்கலை."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறுதல் அடைந்திருப்பேன். நீங்களோ மழை வருது, குடை எடுத்துக்கோ என்பதைப்போலச் சொன்னீர்கள். ஒன்பது பள்ளி நாள். ஒன்பது நாளும் ஆறே முக்காலுக்கு அதையே சொன்னீர்கள். லிஃப்டுக்குப் போகும்வரை நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன்.

பக்கத்து வீட்டு மினா அக்காவை நினைவிருக்கிறதா? காலையில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா. அந்த நாட்களில் ஒரு மாலை அவர் என்னை நிறுத்தி மலாயில் சொன்னார்: "சிக்கு, உங்கள் கணவர் என்னோடு கம்பி வழியாகப் பேசினார். பேச்சு நடுவில் தொலைந்து போகிறது. குடிகாரன் அப்படி இல்லை. இது சாக்கிட், நோய்." டீச்சரைச் சிக்கு என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாரே தவிர, குடியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். வாழ்நாளில் அதைத் தொடாத வீட்டில் பிறந்தவர், எனக்கா பாடம் சொல்வது என்று சிரித்துக்கொண்டேன்.

பூட்டியதோடு விட்டேனா? குடித்துக் கெட்ட உடம்பைத் தேற்ற வேண்டும் என்று என் அம்மா, அப்பாவுக்குச் செய்ததையெல்லாம் செய்தேன். ஈரல் கெட்டவனுக்கு ஈரல்தான் மருந்து என்பது அம்மாவின் வைத்தியம். ஆட்டு ஈரல் மிளகு வறுவல், எலும்பு சூப், காலையில் மூன்று முட்டை. பசிக்கலை என்பீர்கள். "சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்பேன். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள். வெளியே நடக்கவும் வழியில்லை. நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று வெட்கத்தோடு சொன்னபோது, அதையும் ஒரு சாக்கு என்று தள்ளிவிட்டேன்.

பத்தாம் நாள் நீங்கள் கம்பிக்கு வரவில்லை. படுத்திருந்தீர்கள். ஒரு நாளாவது பொய் சொல்லாமல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு பூட்டினேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

பத்தரை மணிக்குப் பள்ளி ஆபீசுக்குத் தொலைபேசி வந்தது. மினா அக்கா கீழே கடையிலிருந்து பேசினார். கம்பி வழியாகப் பார்த்தால் ஹாலில் விழுந்து கிடக்கிறீர்கள், கண் பாதி திறந்திருக்கிறது, கூப்பிட்டால் அசையவில்லை என்றார். சாவி என் பையில். டாக்சி பிடித்து வந்து, அன்றைக்கென்று லிஃப்டு வேலை செய்யாமல், எட்டு மாடி ஏறினேன். அதற்குள் மினா அக்காவின் மகன் இரும்பு ரம்பத்தால் பூட்டை அறுத்திருந்தான். பக்கத்து வீடுகளெல்லாம் வாசலில் நின்றன. அறுந்த பூட்டைத் தாண்டித்தான் உள்ளே போனேன். சாவியைக் கையில் பிடித்தபடியே ஆம்புலன்சில் ஏறியிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டதும் அதேதான். "குடிப்பாரா?" ஆமாம் என்றேன். உங்கள் மனைவி என்ற அதிகாரத்தோடு, கண்ணில் நீர் வழிய, ஆமாம் என்றேன். அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.

எனிமா கொடுத்துக் குடலைக் கழுவினார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, இன்று மேசைமேல் இருக்கும் இதே பாகை இறக்கினார்கள். மறுநாள் மதியம் கண் விழித்து, "இன்னிக்கு ஸ்கூல் இல்லையா, டீச்சரம்மா?" என்றீர்கள். அப்போது இளம் டாக்டர் ஒருவர் வந்தார், தமிழ்ப் பிள்ளை. "அங்கிள், ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. கார் வருது, நிறுத்துற மாதிரி உள்ளங்கையைக் காட்டுங்க," என்றார். நீட்டினீர்கள். மணிக்கட்டு சட்டென்று தொங்கியது, எழுந்தது, தொங்கியது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு குறித்துக்கொண்டார். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். நம் வீட்டு ஹாலில், கற்பூரத் தட்டுக்கு முன்னால் நீட்டிய அதே கை. நாங்கள் குற்றம் என்று தீர்ப்பு எழுதியதை, அந்தப் பிள்ளை நோய் என்று எழுதினான்.

வெளியே வந்து அவரிடம் கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

"ஆன்ட்டி, நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்கா கிருமி இருக்கு. நாம சாப்பிடுற கறி, முட்டை, பருப்பை அது உடைக்கும்போது ஒரு விஷம் வரும். நல்ல ஈரல் அதைச் சுத்தம் பண்ணிடும். இவரு ஈரல்ல வருஷக்கணக்கா கொழுப்பு சேந்து, தழும்பாகி, கல்லு மாதிரி ஆயிருச்சு. சுத்தம் பண்ண முடியலை. விஷம் நேரா மூளைக்குப் போகுது. மலம் தங்கினா இன்னும் மோசம். பாத்தா குடிச்சவங்க மாதிரியேதான் இருக்கும். அந்த வாசனைகூட அதனாலதான்."

"அப்போ ஈரல் எப்படிக் கெட்டுச்சு? குடிக்காமலா?"

"குடிக்காதவங்களுக்கும் வரும் ஆன்ட்டி. சர்க்கரை, தொப்பை இருக்கிறவங்களுக்கு வருது. ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியலை." கையிலிருந்த தாளைப் புரட்டிவிட்டு, "பேப்பர்ல குடிப்பாருன்னு எழுதியிருக்கே, நீங்க பாத்தீங்களா?" என்றார்.

"இல்லை," என்றேன். "ஒரு நாளும் பாக்கலை."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். என்னால் வேறெங்கும் அப்படி அடிக்க முடியவில்லை. ஆட்டு ஈரலும் முட்டையும் கொடுத்தேன் என்று சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே வேணாம்," என்று மட்டும் சொன்னார். உள்ளே வைத்துப் பூட்டி, உங்கள் குடலுக்குள் இருந்த கிருமிகளுக்கு நான்தான் வேளாவேளைக்கு விருந்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தீர்கள். பாகு, காலையும் மாலையும். அது குடலில் இருக்கும் கிருமிகளின் போக்கை மாற்றி, விஷத்தை மலத்தோடு வெளியேற்றிவிடும் என்றார்கள். நாளைக்கு இரண்டு மூன்று தடவை போயே ஆக வேண்டும். காலையில் பள்ளிக்கூட நோட்டில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று போட வேண்டும். கோணிக்கொண்டு போனால் மூளை மங்குகிறது, பாகைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம். போட்டுவிட்டு நோட்டை என்னிடம் நீட்டி, "எத்தனை மார்க்கு, டீச்சரம்மா?" என்பீர்கள். பத்துக்கு ஏழு என்பேன். "அநியாயம்லா," என்பீர்கள். சிரித்தோம். ஆனாலும் பூட்டு போனதே தவிர நீங்கள் வெளியே வரவில்லை. கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போக முடியாது. டுரியான் பழப் பருவத்தில் பாலிக் புலாவ் தோட்டங்களுக்குப் போக ஆசைப்பட்டுப் புறப்பட்டு, பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஒரு தோட்டத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, டுரியானைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். வழி முழுவதும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை நீங்கள்.

கோயிலில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். ஈரல் நோய் என்று தெரிந்ததும் அண்ணன், "ஈரல் பின்ன எதுக்குக் கெடும்?" என்று ஊருக்கே சொல்லியிருந்தார். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"என்னன்னு சொல்லுவ? அவரு குடிக்கலை, வயித்துக் கிருமி, தினம் மூணு தடவை போவாருன்னா? வேணாம். நான் இருக்கிற வரைக்கும் சொல்லாத. குடிகாரன்னே இருந்துட்டுப் போறேன். அதுலயாவது கொஞ்சம் கௌரவம் இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் கோயில் பக்கம் போகவில்லை. மாலையில் பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்குள் மறைத்துக்கொண்டு மெதுவாகப் பாடுவீர்கள். நான் குழாயை மூடமாட்டேன். பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை நீங்களும் பேசவில்லை, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நானும் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று மூன்று வருடம் போயிற்று. ஒரு நாள் நட்சத்திரம் வெறும் கிறுக்கலாக வந்தது. பாகைக் கூட்டியும் பலனில்லை. நான்காம் நாள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் எழுந்து நாலு நல்ல வார்த்தை சொன்னார். "மாப்ளே தங்கமான மனுஷன். அந்த ஒரு பழக்கம் மட்டும் இல்லாட்டி இன்னும் இருபது வருஷம் இருந்திருப்பாரு."

நான் இருக்கிற வரைக்கும் என்றுதானே சொன்னீர்கள்? நான் டீச்சர், சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தமோ அதைத்தான் எடுத்துக்கொள்வேன். எழுந்து நின்றேன். வகுப்பில் பேசும் குரலில், ஈரல், கொழுப்பு, குடல் கிருமி, பாகு, தினம் மூன்று தடவை, தொங்கிய கை, எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். சோறு போட வந்தவர் வாளியோடு நின்றார். "உக்காரும்மா," என்றார் அண்ணன். "அவரு குடிச்சதே இல்லை. நான்தான் அவரை உள்ள வச்சுப் பூட்டினேன்," என்று முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு அவர் என்னிடம் பேசுவது குறைந்தது.

கை கழுவும் குழாயடிக்கு ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். மார்க்கெட்டில் பூக்கட்டி விற்பவள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

"டீச்சர், என் வீட்டுக்காரரு கையும் அப்படித்தான் தொங்குது. பகல்லாம் தூங்குறாரு. குடிக்கலை, குடிக்கலைன்னுதான் சொல்றாரு."

"நீ நம்புறியா?"

"எப்படி டீச்சர் நம்புறது?"

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றேன். கறியும் முட்டையும் திணிக்காதே, கையை நீட்டச் சொல்லி டாக்டரிடம் காட்டு என்றேன். கூடவே, "முதல்ல அவரு சொல்றதை நம்பும்மா. தப்பா இருந்தா அப்புறம் திட்டிக்கலாம். எனக்குத்தான் அன்னிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் புருஷன் பிழைத்துக்கொண்டார், இன்றும் மார்க்கெட்டில் அவளோடு உட்கார்ந்து பூக்கட்டுகிறார். என்னைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிறார். அவர் கும்பிடும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. அன்று குழாயடியில் நான் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். பதினோரு வருடமாக அதைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். எனக்குச் சொல்ல ஆள் இருந்தார். ஒன்பது நாள், ஆறே முக்காலுக்கு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் சொன்னீர்கள்.